சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில்: 15,000 ரூபாய் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்பத்தூரில் வேலை. கையில் 26 இன்ச் கியர் சைக்கிள் ஒன்று, சேமிப்பு 15,000 ரூபாய். ஜனவரியில் கடற்கரை வழியாகவே கன்னியாகுமரி வரை தனியாகப் போக ஆசை. கிலோமீட்டருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், டென்ட் வாங்கினால் காசு மிச்சமாகுமா, தினம் 200 கிலோமீட்டர் ஓட்டி நான்கு நாளில் முடித்தால் செலவு குறையுமா என்று மூன்று கேள்விகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகக் கன்னியாகுமரி வரை போக 15,000 போதாது. அவசரத்துக்கு ஒதுக்குவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 19,500 வேண்டும். கூட ஒரு நண்பர் வந்தால், அவசரப் பணம் தவிர மற்றதெல்லாம் இதே 15,000-ல் அடங்கிவிடும். யாரும் வரவில்லை என்றால் இந்த முறை வேளாங்கண்ணி வரை போய் வாருங்கள், அவசரத்தையும் சேர்த்து அதற்குக் கிட்டத்தட்ட 12,000 போதும். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். இந்தச் சாலையில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் ஒரு சின்ன நோட்டில் டீ முதல் ட்யூப் வரை எழுதி வைத்திருக்கிறேன். விலையெல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்து, இன்றைய நிலவரத்துக்குக் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறேன்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது பைக்கில் போகிறவர்கள் போடும் கணக்கு. அவர்களுக்குத் தூரம் கூடினால் பெட்ரோல் கூடும். சைக்கிளுக்கு அப்படி இல்லை. நீங்கள் 50 கிலோமீட்டர் ஓட்டினாலும் 90 ஓட்டினாலும் பொழுது சாய்ந்தால் ஒரு அறை எடுத்தாக வேண்டும், மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டும். அதனால் எத்தனை ராத்திரி வெளியே தங்கப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்த எண்தான் முடிவு செய்கிறது. நான் முதல் முறை போனபோது கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியிலேயே கை வறண்டு, தொண்டியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் அனுப்பச் சொன்னேன்.

ராத்திரிக்குத்தான் காசு என்றால், ராத்திரிகளைக் குறைத்துவிடலாமே என்று உடனே தோன்றும். உங்கள் 200 கிலோமீட்டர் யோசனையும் அப்படி வந்ததுதான். சென்னையில் நிறையப் பேர் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறார்கள், உண்மைதான். அதற்குக் கொடுக்கிற நேரம் பதின்மூன்றரை மணி. ஆனால் அவர்கள் வண்டியில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னப் பையும்தான் இருக்கும். மறுநாள் காலை வீட்டில் படுத்துத் தூங்குவார்கள். எட்டு, பத்து கிலோ சுமையை பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தடுத்து நான்கு நாள் அதே தூரம் என்றால் முதலில் மடங்குவது முழங்கால். முழங்கால் வீங்கிவிட்டால் லாட்ஜில் இரண்டு நாள் கூடுதலாகப் படுக்க வேண்டும், டாக்டருக்குக் கொடுக்க வேண்டும், அப்புறம் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நான்கு ராத்திரியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். பழக்கமுள்ள ஆளுக்கே சுமையோடு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிலோமீட்டர் போதும். உங்கள் கணக்கையும் அதை வைத்தே போடுங்கள்.

வழியைப் பார்ப்போம். ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்திவிடுங்கள். அம்பத்தூரிலிருந்து நகரத்தைக் கடந்து வருவதே ஒரு வேலை. தவிர முதல் நாள் ஒரு சோதனை நாள். கேரியர் ஆடுகிறதா, சீட் உயரம் சரியா, பை பின்சக்கரத்தில் உரசுகிறதா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். ஏதாவது சரியில்லை என்றால் சென்னைக்குத் திரும்பி வருவதும் சுலபம். இரண்டாம் நாள் புதுச்சேரி, மூன்றாம் நாள் சிதம்பரம். நான்காம் நாள் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி. ஐந்தாம் நாள் அங்கேயே ஓய்வு. ஆறாம் நாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம். ஏழாம் நாள் மனோரா, மீமிசல் வழியாகத் தொண்டி. எட்டாம் நாள் ராமநாதபுரம், 50 கிலோமீட்டர்தான். ஒன்பதாம் நாள் கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. இது 115 கிலோமீட்டர், இருப்பதிலேயே பெரிய நாள். முடியாவிட்டால் சாயல்குடியில் பிரித்துக்கொள்ளலாம். பத்தாம் நாள் திருச்செந்தூர், நாற்பதே கிலோமீட்டர். பதினொன்றாம் நாள் உவரி, கூடங்குளம் தாண்டிக் கன்னியாகுமரி. மொத்தம் சுமார் 750 கிலோமீட்டர். ராமேஸ்வரம் போய் வந்தால் இன்னும் 110 சேரும், ஒரு ராத்திரியும் கூடும். அது இல்லாமல் 12 பகல், 11 ராத்திரி.

இனி அறை. சின்ன ஊர் லாட்ஜில் பாத்ரூமோடு தனி அறை 500 முதல் 700 ரூபாய்க்குக் கிடைக்கும். மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் அந்த விலைக்குக் கஷ்டம். அதுவும் சனி, ஞாயிறு என்றால் இரண்டு மடங்கு சொல்வார்கள். திங்கட்கிழமை கிளம்புங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்: செவ்வாய்க்கிழமை புதுச்சேரி போய்ச் சேர்வீர்கள், கூட்டம் இருக்காது. வார நாளில் ஈசிஆரில் கார்களின் வேகமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். வேளாங்கண்ணியிலும் திருச்செந்தூரிலும் திருத்தலம், கோயில் சார்ந்த விடுதிகள் உண்டு. கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தில் தங்கலாம், ஆனால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. எல்லாம் கூட்டிக் கழித்து ராத்திரிக்குச் சராசரி 650 என்று வைத்தால் 11 ராத்திரிக்கு 7,150 ரூபாய். இரண்டு பேர் தங்கும் அறை 850-க்கே கிடைக்கும், ஆளுக்கு 425. அப்போது அதே 11 ராத்திரிக்கு 4,675 தான். கிட்டத்தட்ட 2,500 ரூபாய் இந்த ஒரு இடத்தில் மிச்சம். நண்பரைக் கூட்டி வாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அறை எடுக்கும்போது மூன்று விஷயம். நான்கு மணிக்குள் ஊருக்குள் போய்விடுங்கள். இருட்டிய பிறகு வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றால், கேட்ட விலையைக் கொடுக்கத்தான் தோன்றும். தனியாளுக்கு அறை இல்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒரிஜினல் ஆதாரைக் காட்டி, சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறேன் என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் மனசு மாறும். அப்புறம் வாடகை 24 மணி நேரத்துக்கா, மறுநாள் காலை வரைக்கா என்று கேளுங்கள். ஓய்வு நாள் எடுக்கிற ஊரில் இது முக்கியம். சைக்கிளை உள்ளே, மாடிப்படிக்குக் கீழே வைக்க இடம் தருவார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

டென்ட் வேண்டாம். நம் ஊரில், இந்த வழியில், வேண்டாம். சுமாரான டென்ட், பாய், தலையணை எல்லாம் சேர்த்து 4,000 ஆகும், மூன்று கிலோ எடை ஏறும். அந்தக் காசு திரும்பி வர வேண்டும் என்றால் ஆறேழு ராத்திரியாவது நிஜமாகவே வெளியில் படுக்க வேண்டும். கடற்கரையோரம் டென்ட் போட்டால் ராத்திரி ரோந்து வரும் போலீஸ் எழுப்பி விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. ஜனவரிப் பனியில் விடிகாலை டென்ட் நனைந்து கனக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் லாட்ஜில் கொடுக்கும் 600 ரூபாய் கட்டிலுக்கு மட்டும் இல்லை. ஒரு வாளி தண்ணீர், கழிப்பறை, போன் சார்ஜ் போட பிளக், துவைத்த துணியைக் காயப்போட ஃபேன் எல்லாம் அதில் அடக்கம். நாள் முழுக்க உப்புக் காற்றில் ஓட்டிவிட்டு, குளிக்காமல் அதே ஷார்ட்ஸோடு மறுநாளும் சீட்டில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் தொடை இடுக்கு புண்ணாகும். எனக்கு ஆகியிருக்கிறது. அதன் பிறகு 10 கிலோமீட்டர்கூட ஓட்ட முடியவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காசை இறுக்கிப் பிடிக்காத ஒரே இடம் இதுவாக இருக்கட்டும். சுமையோடு மெதுவாக ஓட்டினாலும் கிலோமீட்டருக்கு 25 கலோரி அளவில் செலவாகும். 80 கிலோமீட்டர் என்றால் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் இன்னும் 2,000 கலோரி உள்ளே போக வேண்டும். என் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே எடுத்து எழுதுகிறேன், அதிராம்பட்டினத்திலிருந்து தொண்டி போன நாள். காலை 5.40-க்கு டீயும் பன்னும் 22. எட்டரைக்கு இட்லி, வடை, கொஞ்சம் பொங்கல் 75. நடுவில் ஒரு டீ 12. பதினொரு மணிக்கு இளநீர் 50. மதியம் மீன் குழம்போடு சாப்பாடு 130. ஆறு வாழைப்பழம் 36. சாயங்காலம் டீ, சுண்டல் 32. ராத்திரி இரண்டு தோசையும் ஆம்லெட்டும் 80. ஒரு தண்ணீர் பாட்டில் 20. ஆக 457 ரூபாய். மறுநாள் ராமநாதபுரம் வரை குறைந்த தூரம், 340-ல் முடிந்தது. அதனால் சராசரி 400 என்று வைத்திருக்கிறேன். 12 நாளைக்கு 4,800.

அந்தப் பட்டியலில் தண்ணீர் பாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் குடிப்பீர்கள். எல்லாவற்றையும் 20 ரூபாய் பாட்டிலாக வாங்கினால் பயணம் முடிவதற்குள் 1,200 ரூபாய்க்கு மேல் தண்ணீருக்கே போய்விடும். சாப்பிடுகிற ஓட்டலில் கேன் தண்ணீர் இருக்கும், கேட்டால் பாட்டிலில் பிடித்துக்கொள்ள விடுவார்கள். பெட்ரோல் பங்குகளிலும் குடிநீர், கழிப்பறை, இலவசக் காற்று மூன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. தினம் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டரில் கரைத்துக் குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் மதியத்துக்கு மேல் தலை பாரமாகும், காலில் சுளுக்குப் பிடிக்கும்.

மதியம் பெரிய கோயில் இருக்கும் ஊரில் இருந்தால் அன்னதானத்தில் உட்காரலாம். இந்த வழியில் திருச்செந்தூரில் அது கிடைக்கும். பசியோடு போய்ச் சாப்பிடுகிற யாருக்கும் அங்கே கூச்சம் தேவையில்லை. கையில் இருப்பதை உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள். தூத்துக்குடி மாதிரி மாநகராட்சியில் அம்மா உணவகம் கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். 2013-ல் சென்னையில் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. காலையில் சூடாகக் கிடைக்கும் இட்லி சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ரொம்பவே தோதான சாப்பாடு.

இப்போது சைக்கிள். அதில் எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் டயர் விஷயத்தில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். முதல் பயணத்துக்கென்றே புதிதாக ஒரு வண்டி வாங்கினேன். ரோடு சைக்கிள்களுக்குப் போடும் 700சி சைஸ் சக்கரம், மெல்லிய டயர், பார்க்க அவ்வளவு அழகு. மீமிசல் தாண்டியதும் ரோட்டோரம் கிடந்த உடைந்த பாட்டில் மேல் ஏறிவிட்டேன். ட்யூப் மட்டும் போயிருந்தால் பத்து நிமிட வேலை. டயரின் பக்கவாட்டிலேயே இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. தொண்டியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் டயரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த சைஸ் இங்க யாரும் ஓட்டுறதில்லையே தம்பி" என்றார். அவர் கடைச் சுவரில் 28 இன்ச் டயர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவரே ஒரு பழைய டயரிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, ட்யூபைப் போட்டுக் காற்றைக் குறைவாக அடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அப்படியே உருட்டியும் ஓட்டியும் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தேன், அங்கேயும் அந்த சைஸ் கிடைக்கவில்லை. மதுரைக்கு பஸ் ஏறி டயர் வாங்கி வந்தேன். இரண்டு நாள், இரண்டு ராத்திரி, பஸ், டயர் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. அடுத்த முறை என் மாமாவின் பழைய ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு வேண்டிய சாமான் எதுவானாலும் வழியில் முதல் கடையிலேயே கிடைத்தது.

உங்கள் 26 இன்ச் சக்கரத்துக்கு டயரும் ட்யூபும் தாலுகா ஊர் வரை கிடைக்கும், அந்த வகையில் நிம்மதி. சிக்கல் கியரில்தான் வரும். பின் கியர் தொங்குகிற ஹேங்கர், சைக்கிள் சாய்ந்து விழுந்தாலே வளையும், உடையும். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற ஹேங்கர் ஒன்றைச் சென்னையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வால்வு எந்த வகை என்று பாருங்கள். கார் வால்வு என்றால் எந்த பங்கிலும் காற்று அடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் முப்பது, நாற்பது ரூபாய் அடாப்டர் ஒன்று கட்டாயம்.

வண்டியைத் தயார் செய்ய 3,500 ஒதுக்கியிருக்கிறேன். அதில் பாதி டயருக்கும் ட்யூபுக்கும் போகும். பின் டயர் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ட்யூப் ஒன்று கூடுதலாக வேண்டும். செயின் நீண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். பிரேக் கட்டை நான்கும் புதிதாகப் போடுங்கள். நல்ல இரும்புக் கேரியர் ஒன்று, பின்னால் சிவப்பு லைட், பஞ்சர் ஒட்டும் சாமான், சின்னப் பம்ப். ரத்தன் பஜார் பக்கம் ஒரு சனிக்கிழமை போய் நான்கு கடை விசாரித்தால் எல்லாம் ஒரே தெருவில் முடியும், விலையும் கொஞ்சம் குறையும். சைக்கிளுக்கென்று விற்கும் பக்கப்பை 4,000, 5,000 சொல்வார்கள். முதல் பயணத்துக்கு அது தேவையில்லை. பழைய பள்ளிக்கூடப் பை இரண்டை கேரியரின் இருபுறமும் வைத்து, ட்யூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டினால் கன்னியாகுமரி வரை தாங்கும். உள்ளே துணியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வையுங்கள். கிளம்புவதற்கு முன் பின்சக்கரத்தை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்போக்ஸை ஒரே சீராக இறுக்கி, பெண்ட் எடுத்து வாங்குங்கள். சுமை முழுக்க அதன் மேல்தான். ஒரு ஸ்போக்ஸ் அறுந்தால் பக்கத்துக் கம்பிகளும் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகும். கடலோரம் முழுக்க உப்புக் காற்று, மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தை ஒட்டியே ஓட்டுவீர்கள். ராத்திரி செயினைத் துணியால் துடைத்து நான்கு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுச் சுமையையும் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய், ராத்திரி அங்கே லாட்ஜில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புங்கள். ஆயிரம் ரூபாய் ஆகும்தான். ஆனால் உங்களுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகிறது, மறுநாள் காலை சீட்டில் உட்கார முடிகிறதா என்பது அந்த ஒரு ராத்திரியிலேயே தெரிந்துவிடும். நான் 400-ல் சாப்பிடுகிறேன். உங்களுக்கு 500 ஆகலாம், அப்படியானால் 12 நாளைக்கு 1,200 கூடுகிறது. அதைக் காஞ்சிபுரத்தில் தெரிந்துகொள்வது மலிவு. கொண்டு போனதில் எதையெல்லாம் பையிலிருந்து எடுக்கவே இல்லையோ, அதையெல்லாம் அடுத்த முறை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு செலவும் இருக்கிறது. 12 நாள் லீவில் எத்தனை நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்? நான்கு நாள் பிடித்தாலே உங்கள் அறை வாடகை மொத்தத்தையும் தொட்டுவிடலாம். அந்த மாதமும் வீட்டு வாடகை, தவணை எல்லாம் வழக்கம்போல வந்து நிற்கும். இதைப் பயணக் கணக்கின் முதல் வரியாக எழுதுங்கள். திரும்பி வந்து கடன் வாங்குகிற மாதிரி இருந்தால், இரண்டு மாதம் தள்ளிப்போடாமல் பயணத்தைச் சுருக்குவதே மேல். மார்ச்சுக்குத் தள்ளினால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

காலம் என்று பார்த்தால் பொங்கல் கழிந்து ஜனவரி 20-க்கு மேல் கிளம்புவது உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் வடகிழக்குக் காற்று ஓயாது. தெற்கே போகிற உங்களுக்கு அது முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளும். அந்தக் காற்று ஒரு நாளையே மிச்சமாக்கும், ஒரு நாள் என்றால் ஆயிரம் ரூபாய். இதே வழியைக் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு ஓட்டினால் அந்த ஆயிரத்தை எதிர்காற்றுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு, அப்போது அந்தப் பக்கம் சைக்கிளே வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் போனால் சபரிமலை சீசன் முடிந்திருக்காது, கன்னியாகுமரியில் அறை விலை ஏறியிருக்கும். பொங்கல் நாட்களில் சின்ன ஊர்களில் ஓட்டல்களைப் பூட்டிவிடுவார்கள், வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் கிடைக்கும். தைப்பூசம் எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் திருச்செந்தூரில் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே அறை கிடைக்காது. குடியரசு தினம் வாரக் கடைசியை ஒட்டி வந்தால் புதுச்சேரியிலும் அதே கதை.

கையில் காசு எப்படி வைத்துக்கொள்வது? ஜிபே எல்லா ஊரிலும் ஓடுகிறது, ஆனால் போனில் சார்ஜ் இறங்கினால் அதோடு சரி. 1,500 ரூபாயை நூறும் ஐம்பதுமாக மாற்றி இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். அவசரப் பணம் 3,000-ஐக் கையில் கொண்டு போகாதீர்கள், செலவாகிவிடும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, கேட்டால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ரோட்டில் களைப்போடு இருக்கும்போது "இன்றைக்கு மட்டும் ஏசி ரூம்" என்று தோன்றும். இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்றால், அது அவசரம்தானா என்று ஒரு நிமிடம் யோசிப்பீர்கள்.

கூட்டிப் பாருங்கள். வண்டிக்கு 3,500, அறைக்கு 7,150, சாப்பாட்டுக்கு 4,800, திரும்பி வர 1,000. ஆக 16,450, அவசரத்துக்கு 3,000 சேர்த்தால் 19,450. நண்பர் வந்தால் அறை 4,675 ஆகிறது, மொத்தம் 13,975. உங்கள் பணத்தில் ஆயிரம் மீதி நிற்கும், அவசரத்துக்கு இன்னும் 2,000 புரட்டினால் போதும். வேளாங்கண்ணியோடு நிறுத்தினால் நான்கு ராத்திரி, ஐந்து பகல். முதல் இரண்டு ஊரும் விலை கூடிய ஊர் என்பதால் அறை 2,800, சாப்பாடு 2,000, திரும்ப 800. வண்டிச் செலவோடு 9,100, அவசரத்தோடு 12,100. அங்கிருந்து 10 கிலோமீட்டர் திரும்பி ஓட்டினால் நாகப்பட்டினம், அங்கே சென்னைக்கு ரயில் ஏறலாம். அந்த 310 கிலோமீட்டரும் சின்னத் தூரம் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி, தில்லை, தரங்கம்பாடிக் கோட்டை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தைக் கிளம்புவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கும். பயணத் தேதி முடிவானதும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் எடுத்துவிடுங்கள், 450 ரூபாய்க்குள் அடங்கும். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை சென்னை. சைக்கிளை உங்கள் டிக்கெட்டின் மேல் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும், பார்சலாக இல்லை. லக்கேஜ் என்றால் நீங்கள் போகிற ரயிலிலேயே வரும், பார்சல் என்றால் அடுத்தடுத்த நாளும் ஆகலாம். வண்டி புறப்பட இரண்டு மணி நேரம் முன்னாலேயே பார்சல் ஆபீஸுக்குப் போய்விடுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுங்கள், கியர் இருக்கும் பக்கத்துக்கு அட்டைப்பெட்டியை மடித்துச் சாக்கால் சுற்றுங்கள். ஏறும் ஊர், இறங்கும் ஊர், உங்கள் பெயர், போன் நம்பர் நான்கையும் இரண்டு அட்டையில் மார்க்கரால் எழுதி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டிவிடுங்கள். சாக்கும் அட்டைப்பெட்டியும் அந்த ஊர்க் கடைத்தெருவில் கேட்டால் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். காலையில் சென்னையில் இறங்கியதும் ரசீதைக் காட்டி வண்டியை வாங்கி, பிளாட்பாரத்திலேயே பெடலைப் பூட்டி, ஹேண்டிலை நேராக்கி, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு அம்பத்தூருக்கு ஓட்டிக்கொண்டே போய்விடலாம்.